இரண்டாவது குழாய்

நாலு பக்கமும் கடல். அது போதாதென்று என் மகளை உயர்தர வகுப்பு இரசாயனவியலுக்குள்ளும் அடைத்தவள் நான்.

"எனக்குக் கெமிஸ்ரி ஏலாது அம்மா. ஆர்ட்ஸுக்கு மாறட்டோ?"

"மாறிப்போட்டு? என்னைப்போல இந்தத் தீவிலயே கிடக்கப் போறியோ?"

மாதக்கணக்கில் இதே பேச்சு. கடைசியில் களைத்துப்போய் வாக்குக் கொடுத்தேன்: வருகிற செய்முறைச் சோதனையில் விடை பிழையானால் மாறலாம்.

அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் நான்தான். சோதனையன்று வடித்த நீர் முடிந்திருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள சாட்டிப் பக்கமிருந்து பவுசர் வண்டியில் வரும் குடிதண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வைத்தேன். உவரில் வளர்ந்த நாக்கு என்னுடையது. அதைவிடச் சுத்தமான நீர் உலகத்தில் உண்டென்று அதற்குத் தெரியாது.

ஆசிரியர் பெயர் சொல்லாமல் தந்த உப்பைக் கரைத்து வெள்ளிநைத்திரேற்றை விட்டதும் எல்லாப் பிள்ளைகளின் குழாயிலும் பால்போல வெள்ளை படிந்தது. வெள்ளை படிந்தால் குளோரைட்டு; எல்லாரும் அப்படியே எழுதினார்கள். மகளும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர் தாள்களைப் புரட்டினார்.

"நான் தந்தது நைத்திரேற்று. கடல் உள்ளுக்கு வந்திட்டுதோ?"

நான் வாயை மூடியிருந்தால் விடை பிழை, மகளுக்கு விடுதலை. மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்து நின்றார்கள். மூட முடியவில்லை.

"பிழை என்னிலதான் சேர். பவுசர்த் தண்ணியை ஊத்தி வைச்சனான்."

"அதிலயும் குளோரைட்டு இருக்கும் தானே அக்கா!"

"குடிச்சால் இனிக்குமே சேர்."

வகுப்பு சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. சோதனை அடுத்த கிழமைக்குப் போனது.

மகளைத் தவிர எல்லாரும் போனபின் குழாய்களைக் கழுவப் பொறுக்கினேன். அவளுடைய மேசையில் மட்டும் இரண்டாவதாக ஒரு குழாய். பென்சிலால் 'தண்ணி மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதற்குள்ளும் வெள்ளை.

"முதலே கண்டுபிடிச்சிட்டியோ?"

"ஓம்."

"பிறகேன் குளோரைட்டு எண்டு எழுதினனீ?"

"கண்டதைத்தான் எழுதினனான். பொய் எழுதேல்ல. நீங்கள் ஏன் அம்மா வாயைத் திறந்தனீங்கள்?"

ஏலாது என்றவள். அத்தனை பேரிலும் தண்ணீரைச் சந்தேகித்தவள் அவள் ஒருத்திதான். பெருமைப்படவும் பயமாக இருந்தது எனக்கு.

அடுத்த கிழமை வடித்த நீரை யாழ்ப்பாணத்திலிருந்து மடியில் வைத்து நானே கொண்டுவந்தேன். பஸ்ஸின் இரு பக்கமும் கடல் விடாமல் கூடவே வந்தது.

இம்முறை வேறு உப்பு. சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒன்றும் படியவில்லை. பிழையாக எழுதினால் இப்போதும் அவளுக்கு விடுதலைதான். குழாயைத் தூக்கி, அந்தத் தெளிவுக்கூடாக என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கண்டதை எழுதினாள்.