மேசையில் இல்லாத மோட்டார் சைக்கிள்

மருதமுனையில் மிஹ்லாரைத் தெரியாதவர்கள் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு எந்தச் சாமான் வேண்டுமென்றாலும் அவனுடைய கடைக்குத்தான் போக வேண்டும். இல்லாத சாமானையும் "நாளைக்கு வந்திடும்" என்று முகம் கோணாமல் சொல்லுவான். நாற்பத்தெட்டு வயது, அளவான தொந்தி, ஐந்து நேரத் தொழுகையில் ஒன்றும் தவறாது. இப்படிப்பட்ட மனிதன் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்ட கை காயுமுன்னே, வீட்டுப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு செவ்வாய்க் கிரகத்தில் சண்டை பிடிக்கிறான் என்று சொன்னால் ஊர் நம்பாது. ஆனால் நான் சாட்சி. அவனுடைய எதிர்ப்படை நான்தான்.

என் பெயர் கோகுலன், பாண்டிருப்பு. நில அளவை அலுவலகம் ஒன்றில் படம் வரைகிறவன். பத்து வருடத்துக்கு முன் பிரேக் கேபிள் வாங்கப் போன இடத்தில் அவனைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடை மேசைக்குக் கீழே விரலளவு சிப்பாய் ஒருவனுக்கு நகப்பூச்சால் சிவப்புச் சட்டை பூசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் களவெடுத்தவன் மாதிரி அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணனுக்கு எந்தப் படையில வேலை?" என்று கேட்டேன்.

அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "புள்ளைக்கு விளையாட்டுச் சாமான்" என்றான். அவனுக்கு ஒரே ஒரு மகள், அப்போது பதினொரு வயது, சிப்பாய் கேட்கிற பிள்ளையும் இல்லை.

மேசையில் நிலம் அமைத்து, சின்னப் படைகளை நிறுத்தி, அடிமட்டத்தால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை பிடிப்பது. இதுதான் அவனுடைய பைத்தியம். கட்டாரில் இருந்த நானா, அவனுடைய மூத்த சகோதரன், அனுப்பிய சாமான் பெட்டியில், கண்ணாடிக் கோப்பையைச் சுற்றியிருந்த ஒரு சஞ்சிகைத் தாளில் தொடங்கியதாம். கடைக்காரன் காசு கொடுத்து வெளிநாட்டுப் பொம்மை வாங்குவானா? எல்லாம் கையால் செய்ததுதான். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் திருகிவிடுகிற கறுப்பு மூடிதான் தலை. அறுந்த கேபிள் நுனி சுடுகிற துவக்கு. போல்ட்டுக்குப் போடுகிற பழைய வாசர் கால் வைத்து நிற்கும் தட்டு.

அவனுடைய மனைவி றிபா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். முகம் வைத்த உருவம் வீட்டுக்குள் கூடாது, வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள். தொடக்கத்தில் அவன் அரத்தால் ஒவ்வொரு முகமாக ராவிக்கொண்டிருந்தானாம். பிறகுதான் விண்வெளிப் படை கண்ணில் பட்டது. அங்கே எல்லாரும் மூடின ஹெல்மெட்தான் போட்டிருக்கிறார்கள். முகமே இல்லை, பிரச்சினையும் இல்லை. உலகத்தில் பலரும் பல காரணத்துக்காக விஞ்ஞானப் புனைகதைக்குப் போயிருப்பார்கள். மார்க்கத் தீர்ப்புக்குப் பயந்து போனவன் மிஹ்லார் ஒருவனாகத்தான் இருப்பான்.

எங்கள் செவ்வாயில் வாய்க்கால் இருந்தது, வயல் இருந்தது, தண்ணீர் முறை பிரிக்க ஒரு வட்டவிதானை இருந்தார். சவளக்கடை வயலில் மடை திறக்கிற சண்டையை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்து, கையில் மண்வெட்டிக்குப் பதிலாக ஒளித் துவக்கைக் கொடுத்தோம். அது அலுத்ததும் நடந்த சரித்திரத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினோம். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் இறங்கிய அன்று காற்று மாறி அடித்திருந்தால்? கண்டி ராசாவுக்கு நீராவிக் கப்பல் கிடைத்திருந்தால்? நான் படம் வரைவேன், அவன் ஆட்களைச் செய்வான். இரண்டு தொந்தி மனிதர்கள் முழங்காலில் நின்று "உன்ட குதிரை எட்டாது, அள!" என்று கத்துவோம். வெளியே வரும்போது இருவரும் கணக்குப் பார்த்த முகத்தோடு வருவோம். வெட்கம்தான், ஆனால் சுகமான வெட்கம்.

மூன்று வருடத்துக்கு முன் அவன் இன்னொரு படம் கேட்டான்.

"பழைய கடற்கரை ஒழுங்கையை வரைவியா? இரண்டாயிரத்தி நாலுல இருந்த மாதிரி."

நான் கேள்வி கேட்கவில்லை. அலுவலகத்தில் அந்தச் சின்னத் தெருவின் பழைய அளவைப் படம் இருந்தது. கிணறு, மதில், கேற், முருங்கை மரம் வரைக்கும் குறித்து, ஒரு அங்குலமும் பிசகாமல் பெரிதாக்கிக் கொடுத்தேன். வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆட்டம் இதுதான். சுனாமி அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருபது நிமிடம் முந்திச் சொல்லியிருந்தால்? ஒழுங்கையில் எண்பத்தேழு பேர். ஒவ்வொரு வாசருக்கும் கீழே நுணுக்கி எழுதிய பெயர். அவன் கரை, நான் கடல். அவன் ஆட்களைப் பிரதான வீதிக்கு ஏற்ற வேண்டும். நான் பகடை உருட்டி நீலத் துணியை இழுத்துக்கொண்டு வர வேண்டும். சுனாமி அன்று நான் மலைநாட்டில் பேராதனையில், கம்பஸ் விடுதியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன். அதனால்தானோ என்னவோ, எனக்கு அது வெறும் ஆட்டமாகவே இருந்தது.

எட்டாவது ஆட்டத்தில் கேட்டேன். "எண்பத்தேழு பேரையும் வெச்சிருக்காய். உன்னக் காணல்லயே மச்சான்?"

அவன் அடிமட்டத்தைத் துடைத்து மேசையோரம் வைத்தான். பிறகு சொன்னான். அன்று காலை அவன் பைக்கில் றிபாவையும் கைக்குழந்தை றுமானாவையும் ஏற்றிக்கொண்டு ஒழுங்கையால் பறந்தான். பின்னால் "சாச்சா! சாச்சா!" என்று ஒரு குரல். றிபாவுடன் பிறந்த ராத்தா றஹீமாவின் மகள் ஹிமாயா, ஏழு வயது, ஓடிவந்துகொண்டிருந்தாள். றிபா குழந்தையைப் பொத்திக் குனிந்திருந்ததால் அவளுக்குத் தெரியாது. அவன் பக்கக் கண்ணாடியில் கண்டான். பின்னால் இன்னுமொரு பிள்ளை இருக்க இடம் இருந்தது. நிறுத்தவில்லை. ஹிமாயாவின் மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது. குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியா. உனக்கு மட்டுந்தான்" என்றான்.

அதற்குப் பிறகு நான் அவனுடைய ஆள் எங்கே என்று கேட்டதில்லை. அவன் ஹிமாயாவுக்கு உருட்டும்போது பகடை சாதகமில்லாமல் விழுந்தால் அது எப்படியோ மேசையை விட்டு உருண்டு நிலத்தில் விழும். "செல்லாது, திருப்பிப் போடுறன்" என்பான். நான் நீலத் துணியைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன். முப்பத்தொரு ஆட்டத்திலும் அவள் வீதிக்கு ஏறிவிட்டாள்.

இந்த வருடம் றுமானாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை முஸ்தாக், நல்ல பொடியன். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் மகளுக்கே போய்விடும். பெற்றவர்கள் பின்வளவில் கட்டின சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். சோனகரென்றாலும் தமிழரென்றாலும் இது ஒரே வழக்கம். புது மாப்பிள்ளைக்குப் பின்னறைதான் என்று றிபா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அறையை ஒழுங்குபண்ண, வருகிற சனிக்கிழமைக்கு முன் "அந்தப் பேய்ப்படையை" வெளியேற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை, முப்பத்திரண்டாவதும் கடைசியுமான ஆட்டம். எனக்கு அன்று பகடை நல்லாக விழுந்தது. ஆறுக்கு மேல் ஆறு.

"ஆறு! போச்சு மச்சான், கிணத்தடி வரைக்கும் முழுக்கப் போச்சு!" என்று துள்ளினேன்.

கதவு திறந்திருந்தது. ஹிமாயாவின் தாய் றஹீமா நின்றாள். கழுத்தில் தையல் அளவு நாடா. கலியாண அறைக்குத் திரை தைக்க யன்னல் அளக்க வந்திருக்கிறாள். என் கை மேலே தூக்கியபடியே நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் மேசைக்குக் கிட்ட வந்தாள். பச்சைக் கேற்றைத் தொட்டாள். முருங்கையைத் தொட்டாள். தன் வீட்டு வாசலில் நின்ற சின்ன ஆளை எடுத்துக் கவிழ்த்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள்.

"இது என்ன மிஹ்லார்?"

நான்தான், வாய் சும்மா இருக்காதவன், உளறினேன். "அது அக்கா... இருவது நிமிசம் முந்திச் சொல்லியிருந்தா எத்தின பேர் தப்பியிருப்பாங்க எண்டு ஒரு... ஒரு ஆய்வு மாதிரி."

ஆய்வாம். அந்தச் சொல்லை நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"இதுல எண்ட புள்ள தப்பினவளா?"

"ஓம் மதினி" என்றான் மிஹ்லார். "எல்லா முறையும்."

"எல்லா முறையுமா?" அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. வாசர் வாசராகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே போனாள். தன்னுடையது, மவுத்தாகி மண்ணுக்குப் போன தன் கணவனுடையது, பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. குழந்தையை ஒட்டின றிபா ஒரு ஓரத்தில் தனியாக நின்றாள். றஹீமா நிமிர்ந்தாள்.

"நீங்க எங்க? பைக் எங்க?"

அந்த மேசையில் ஒவ்வொரு சாமானும் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது. மோட்டார் சைக்கிள் மட்டும் இல்லை.

"நான் அவளக் கண்ட, மதினி" என்றான் அவன். "கண்ணாடிக்குள்ள நான் கண்ட. அவ கூப்பிட்டதும் கேட்ட. நிப்பாட்டல்ல."

தொந்தியும் நரைத்த தாடியுமாக நின்ற அந்த மனிதன் முகத்தைத் தன் முழங்கையால் மூடிக்கொண்டான். நான் நிலத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பகடை கிடந்தது. அவன் வேண்டுமென்றே விழுத்தியது.

றஹீமா அங்கிருந்த முக்காலியில் இருந்தாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நான் கேற்றடியில நிண்ட. அவ எண்ட கையத்தான் புடிச்சிக்கிட்டு நிண்டவ. நான்தான் கைய உதறி விட்ட. 'ஓடு, சாச்சாட பைக்குல ஏறு' எண்டு நான்தான் அனுப்பின. மறுகா தண்ணி என்னத் தூக்கிக்கிட்டுப் போய் மாமரத்துல போட்ட. அவள விடாம வெச்சிருந்தா அவளும் அந்த மரத்துலதான்." அவள் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "உங்களக் கேட்டா நீங்க என்னக் கேப்பீங்க எண்டு பயம். இருவது வரிசமா அதுதான் கேக்கல்ல."

மிஹ்லார் அலுமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து லேஞ்சித் துணியில் பொதிந்த ஒன்றை எடுத்தான். நான் ஒருநாளும் காணாதது. ஒரு பைக், சின்ன விரலளவு. ஓட்டுகிறவன், பின்னால் ஒரு பெண், அவள் மடியில் குழந்தை. அவர்களுக்குப் பின்னால் ஒரு நகத்தளவு வெற்றிடம். அதையும் சரியாக அளந்தே விட்டிருந்தான்.

றஹீமா அதை வாங்கி ஒழுங்கையின் நடுவில் வைத்தாள். ஹிமாயாவைப் பின்னால் நிறுத்தினாள். தன்னைக் கேற்றடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்கதானே கடல்? உருட்டுங்க. விழுந்தது விழுந்ததுதான். திருப்பிப் போடுற இல்ல."

முப்பத்தொரு ஆட்டம் உருட்டின கை இது. பகடையை எடுத்தேன். மிஹ்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த ஒரு உருட்டல் வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

"நேரமாயிட்டு" என்றேன். "வீட்டுல பாத்துக்கிட்டிருப்பாங்க." பகடையைத் துணி மேல் வைத்துவிட்டு வெளியே வந்து பைக்கை உதைத்தேன்.

"தம்பி!" என்று ஒரு குரல். பக்கக் கண்ணாடியில் றஹீமா தெரிந்தாள். நாடா கழுத்தில் தொங்க, கேற்றுக்கு வெளியே வந்து கையை நீட்டியபடி நின்றாள். பாண்டிருப்பு வரைக்கும் நான் எங்கும் நிறுத்தவில்லை.

மூன்று வாரமாகிறது. இடையில் பிரேக் கேபிள் அறுந்தது. கல்முனையில், முன்பின் தெரியாத ஒரு கடையில் வாங்கினேன். நேற்று மிஹ்லாரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள். அறைக்குத் திரை கூடப் போட்டாயிற்றாம். மேசையை மட்டும் கழற்றவில்லை, மதினி விடுகிறா இல்லையாம். எல்லாரும் வைத்த இடத்திலேயே நிற்கிறார்களாம். நீ வந்து உருட்டு என்று எழுதியிருந்தான்.

இன்னும் பதில் போடவில்லை.