அக்காவின்ரை போனிலை இருந்த அம்மா

அம்மாவின்ரை கல்வெட்டுப் புத்தகத்தின்ரை அட்டைக்கு எந்தப் படம் போடுறது எண்டு என்னைத்தானே கேட்டிருக்கவேணும்? கடைசி மட்டும் அவவோடை இருந்தது நான். ஒருத்தரும் கேட்கேல்லை. கனடாவிலை இருக்கிற அக்கா, வீடியோக் கோலிலை அம்மாவோடை கதைக்கேக்கை பிடிச்சு வைச்ச படமொண்டை வட்ஸ்அப்பிலை எல்லாருக்கும் அனுப்பினா. 'என்ன வடிவு' எண்டு மாமி எழுதினா, சித்தப்பாவும் எழுதினார், அலுவல் முடிஞ்சுது. நான் எடுத்து அனுப்பின படங்களைத் திறந்து பாத்தினமோ தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கீரிமலையிலை கிரியை முடிச்சு வந்து, மத்தியானம் சாப்பிட வாற சனத்துக்கு அந்த நினைவுப் புத்தகத்தைக் குடுக்கவேணும். படத்தைத் தெரிவுசெய்ய ஊர் உலகமெல்லாம் ஆள் இருக்கு. அடிப்பிக்க அலையிறதுக்கு நான் மட்டுந்தான்.

கோப்பாய்ச் சந்தியிலை இருக்கிற ஸ்ரூடியோவுக்குப் போனன். முதல் அடிச்ச படத்திலை அம்மா கறுத்துப்போய், கன்னத்திலை பச்சை பூசின மாதிரி வந்தா.

"போனிலை பின்னாலை வெளிச்சம் இருக்கு தங்கச்சி. கடுதாசியிலை அது இல்லைத்தானே" எண்டார் ஸ்ரூடியோக்காரர்.

நான் அதைப் போனாலை படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினன். அவ உடனை கோல் எடுத்தா.

"இது அம்மாவின்ரை நிறமே இல்லையடி. அம்மா நல்ல வெள்ளையெல்லே."

எனக்கு விசர் வந்துட்டுது. முழுக வார்த்து, தலை இழுத்து, நகம் வெட்டிவிட்ட எனக்கு அம்மாவின்ரை நிறத்தைச் சொல்லித் தாறா! அம்மா பொதுநிறம். கோலிலை முகத்தைத் தானாய் வெளுக்கப் பண்ணினது, அம்மா கதைச்ச என்ரை போன். அதுக்குள்ளாலை பாத்துப் பாத்து அக்காவுக்கு ஒரு வெள்ளை அம்மா கிடைச்சிட்டா. அந்த அம்மாவைத்தான் இப்ப ஊரும் கேட்குது.

ஸ்ரூடியோக்காரர் வெளிச்சத்தைக் கூட்டித் திரும்பவும் அடிச்சார். அக்காவுக்கு அனுப்பினால் மஞ்சளாய் இருக்காம். பேந்தொருக்கால் அடிச்சம், இப்ப சிவப்பாம்.

"அடிச்சதைத் திரும்பப் போனுக்குள்ளை போட்டால் வேறை நிறமாய்த்தானே தெரியும்" எண்டு அவர் சலிச்சுப் போனார். "ஆரோ ஒராள் முடிவைச் சொல்லுங்கோ. எந்த நிறத்துக்கு அடிக்கிறது?"

நான் போனை நிப்பாட்டிக் கைப்பைக்குள்ளை போட்டன். சட்டைக் கையை மேலை இழுத்து, என்ரை கையை அவரின்ரை மேசையிலை வைச்சன்.

"இந்த நிறத்துக்கு அடியுங்கோ. அம்மாவின்ரை நிறம் எனக்குத்தான் வந்தது. அக்கா அப்பாவைப்போலை."

சொல்லேக்கை எனக்கு எவ்வளவு சந்தோசம். அக்காவிட்டை இல்லாத ஒண்டு என்னட்டை இருக்கு. அவர் கையைப் பாத்துப் பாத்து நிறத்தைக் குறைச்சுக் கூட்டி அடிச்சுத் தந்தார். அம்மா அப்பிடியே இருந்தா. யன்னலடிக்குக் கொண்டுபோய் வெயிலிலை பிடிச்சுப் பாத்தன்.

பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா. நான் மருந்தோடை போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறவ. அக்காவின்ரை கோல் வந்தால் எழுப்பி இருத்தச் சொல்லுவா, சீலைத் தலைப்பை இழுத்துவிடச் சொல்லுவா. அவவுக்கு முன்னாலை போனைப் பிடிச்சுக்கொண்டு கை உளைய நிண்டது நான். சிரிச்சது போனுக்குள்ளை இருந்தவவைப் பாத்து.

"நிறம் சரிதானே தங்கச்சி?"

"ஓம், சரி."

அந்தியேட்டி அண்டைக்கு அக்காவைப் பாத்துச் சிரிக்கிற அம்மாவை, வந்த ஒவ்வொருத்தருக்கும் நான்தான் என்ரை கையாலை குடுத்தன்.