நூற்றுப் பதினேழாம் நம்பர் புளியமரம்

திம்மப்பனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவை மைல் கற்கள்.

ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டில் இரண்டு மைல் அவர் பொறுப்பு. ரோடு இலாகாவில் கூலி வேலை. குழி விழுந்தால் ஜல்லி போட்டு இடிக்க வேண்டும், ஓரத்துப் புல்லைச் செதுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழியில், மைல் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, அவற்றில் வெட்டியிருக்கும் எழுத்துகளின் பள்ளத்தில் கறுப்பு மை ஓட்ட வேண்டும். முதல் இரண்டு வருஷம் அது அவருக்கு வெறும் பள்ளம்தான். நுனி நசுக்கிய மட்டையைத் தோய்த்து இழுத்தால் மை தானே ஓடும். மூன்றாம் வருஷம் ஒருநாள் மட்டையும் கையுமாக நின்றுவிட்டார். இந்தக் கல்லில் முதலில் இருக்கிற சுழி, போன கல்லிலும் முதலில் இருந்ததே! டீ குடிக்க இறங்கிய பஸ் கண்டக்டரை மறித்துக் கேட்டார்.

"இது இன்னாங்க?"

"ஓசூரு. நாலு மைலு. நீதானே எழுதற, என்னைக் கேக்கற?"

அன்றைக்கு 'ஓசூர்' வந்தது. அதே வாரத்தில் 'பெங்களூர்' வந்தது. 'கிருஷ்ணகிரி' ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. நடுவில் வருகிற 'ஷ்' அவரைப் பாடாய்ப்படுத்தியது. கல்லில் இல்லாத எழுத்துகளைப் பஸ் போர்டிலும், வெள்ளையம்மாவின் டீக்கடையில் பொட்டலம் கட்டுகிற பழைய பேப்பரிலும் தேடிப் பிடித்தார். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், இரண்டு மைல் ரோட்டை வைத்துக்கொண்டே படிக்கக் கற்றார். நம் பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

படிக்க வந்ததும் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. யாராவது அறிவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விடமாட்டார். ரோட்டோரத்தில் வேலை செய்கிறவருக்கு வார்த்தைக்கா பஞ்சம்? லாரி டயர் பஞ்சரானால் டிரைவர் பேசுவார், சந்தைக்குப் போகிறவர்கள் நிழலுக்கு நின்று பேசுவார்கள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்கள், நடுவில் தெலுங்கில் திட்டிக்கொள்வார்கள். அதில் நல்லதாக ஒன்று விழுந்தால், மாலைக்குள் அது ஒரு புளியமரத்தில் ஏறிவிடும். ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற புளியமரங்களுக்கு இடுப்புயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடிப்பது வழக்கம். அந்த வெள்ளையில் தாரால் எழுதுவார்.

'வழி தெரியாது என்று ஒத்துக்கொள்கிறவனிடம் வழி கேள். அவன் பொய் சொல்லமாட்டான்.' இது ஒரு லாரி டிரைவர் சொன்னது.

'கோபத்தில் எடுத்த முடிவைக் கொள்ளு மாதிரி ஒரு ராத்திரி ஊறப் போடு.' ஓசூர் சந்தையில் கொள்ளு விற்கிற மாரம்மா சொன்னது.

'காது கேட்டதைக் கண்ணிடம் ஒரு தடவை விசாரி.' வேப்பனப்பள்ளி வண்டிக்காரர் ஒருவர் தெலுங்கில் சொன்னதை இவரே தமிழில் திருப்பிக்கொண்டார்.

எதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஆள், ஊர், நாள் எல்லாம் ஒப்பிப்பார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் மழுப்புவார். டீக்கடைக்கு எதிரே நிற்கிற பெரிய மரத்தில் இருந்த வாசகம் அது. அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்ததும் அதுதான்.

'புரியாதபோது ஓடாதே. உட்கார்.'

"இது யாரு சொன்னதுப்பா?" என்று வெள்ளையம்மா கேட்டபோது, "சேலத்து வக்கீல் ஒருத்தரு. காருல போனவரு" என்று சொல்லிவிட்டு டீயை ஊதத் தொடங்கினார்.

மரத்தில் எழுதத் தொடங்கி இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மூன்றாம் வருஷம், ஐம்பத்து நாலு மார்கழியில், அவர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பட்டைகளின் நடுவில் மரத்துக்கு மரம் ஒரு நம்பர் உண்டு, நூற்று ஒன்று முதல் நூற்று நாற்பத்தெட்டு வரை. இலாகா தாரால் எழுதியது, அதை விட்டு விலகித்தான் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வாசகம் நீளமாகிவிட்டால் இந்த நம்பர் நட்ட நடுவில் நந்தி மாதிரி நின்று இடைஞ்சல் செய்யும். திம்மப்பன் யோசித்துப் பார்த்தார். நம்பர்தான் ஆபீஸ் புஸ்தகத்தில் இருக்கிறதே, மரம் என்ன எழுந்து நடந்தா போகப்போகிறது? மூன்று பூச்சுச் சுண்ணாம்பு கெட்டியாக அடித்து, இருந்த நம்பரையெல்லாம் மறைத்துவிட்டு, மரம் முழுக்க அழகாக வாசகம் எழுதி முடித்தார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் படித்துக்கொண்டு போனார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தை பிறந்ததும் புளி ஏலம் வந்தது. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

ரோட்டு மரத்துப் புளியை இலாகா வருஷா வருஷம் ஏலம் விடும். ஏலம் கூறுவது நம்பரை வைத்துத்தான். ஏலத்துக்கு முந்தின நாள் காலையில் ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். கூடவே, மரம் பார்த்துப்போக, வேப்பனப்பள்ளியிலிருந்து சரோஜம்மாளும் குதிரை வண்டியில் வந்திருந்தாள். மாந்தோப்பும் புளி வியாபாரமுமாக ஒண்டியாகவே நின்று சமாளிக்கிறவள். வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் அவளோடு போட்டிக்கு வரமாட்டார்கள்.

"எனக்கு நூத்திப் பதினேழு வேணும். போன வருஷமே கண்ணு வச்சிட்டுப் போனேன். காய் ஒண்ணொண்ணும் ஒரு சாண் இருக்கும். எங்க அது?" என்றாள்.

ஓவர்சியர் ஒரு மரத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டார், அது சாய்ந்தது.

"திம்மப்பா! நம்பர் எங்கய்யா?"

"ஐயா, அது வந்து… உள்ள இருக்குதுங்க."

"எதுக்குள்ள?"

"சுண்ணாம்புக்குள்ள."

சரோஜம்மாள் பக்கத்து மரத்தை உரக்கப் படித்தாள். "கோபத்தில் எடுத்த முடிவைக் கொள்ளு மாதிரி… நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் கொள்ளு வாங்க வரலியேப்பா, புளி வாங்க வந்தேன்."

ஓவர்சியருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு ஏலம். ஒவ்வொரு மரத்துலயும் அததுக்கு உண்டான நம்பர் இருக்கணும். ஒண்ணு மாறினாலும் உனக்கு இந்த வேலை இல்லை. உன் புத்திமதியெல்லாம் வேற ரோட்டுல போய் எழுதிக்க" என்று நம்பர்ப் பட்டியலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பண்ணைகளில் ஆளாகக் கிடந்து, மாடு மேய்த்து, ஊரெல்லாம் அலைந்து கடைசியில் திம்மப்பனுக்குக் கிடைத்த வேலை அது. மாதம் பிறந்தால் சம்பளம். யாருடைய கொட்டகையிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அது போனால் இந்த மரங்களும் போய்விடும். 

சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மைல் கல்லிலிருந்து தொடங்கி எண்ணிக்கொண்டே போய் நம்பர் போட்டார். நம்பர் ஒன்று இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று மாறி மாறிப் போகும் என்றுதான் ஞாபகம். கடைசி மரத்தில் நூற்று நாற்பத்தைந்து வந்தது. பட்டியலில் நூற்று நாற்பத்தெட்டு! ஐப்பசிக் காற்றில் மூன்று மரங்கள் விழுந்து, வேரோடு பெயர்த்து எடுத்துப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விழுந்தவை எந்த மூன்று? குழியை மூடியதும் அவரே, அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்தார். அழித்துவிட்டுத் திரும்ப எண்ணினார். இந்தத் தடவை வலது பக்கத்திலிருந்து தொடங்கினார். மரத்துக்கு மரம் வேறு நம்பர் வந்தது. மூன்றாவது தடவை ஓடும்போது வேட்டி தடுக்கி விழுந்தார்.

அவர் மனைவி நஞ்சம்மா அதே ரோட்டில்தான் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் மேலும் கீழும் ஓடுவதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"இந்தாய்யா, இங்க வா. எத்தினி தடவை ஓடுவ? புரியலைன்னா ஓடாத. உக்காரு."

திம்மப்பன் சட்டென்று நின்றார். டீக்கடைக்கு எதிரே, அந்தப் பெரிய மரத்தடியில்தான் நின்றிருந்தார்கள். அவர் கண் தானாக மரத்துக்குப் போனது. பிறகு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. நம்பரு எதால எழுதியிருந்துச்சு?"

"தாரு."

"அது மேல நீ என்னா அடிச்ச?"

"சுண்ணாம்பு. மூணு பூச்சு."

"சுண்ணாம்பு அடிச்சா தாரு கரைஞ்சி போயிடுமா? அங்கியேதானே இருக்கும்? சுரண்டிப் பாத்தியா?"

 காலையில் ஓவர்சியரிடம் 'சுண்ணாம்புக்குள்ள இருக்குது' என்று சொன்னது தானேதான் என்பது நினைவுக்கு வந்ததும் திம்மப்பனுக்கே வெட்கமாகிவிட்டது.

"சுரண்டினா எழுத்தெல்லாம் போயிடும், நஞ்சி."

"வேலை போனா எழுதற கையும் சேந்து போவும். எந்திரி. களைக்கொத்து எங்க?"

அவளே முதலில் சுரண்டினாள், அந்தப் பெரிய மரத்தையே. சுண்ணாம்பு வரட்டி மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. அடியில் கறுப்பாக 1 தெரிந்தது. இன்னொரு 1 தெரிந்தது. பிறகு 7.

"இதுல என்னா எழுதியிருந்த?" என்று கேட்டாள்.

திம்மப்பன் கொஞ்சம் தயங்கினார். "புரியாதபோது ஓடாதே. உட்கார்."

நஞ்சம்மாவின் கை நின்றது. "அது நான் சொன்னதாச்சே! அத்திப்பள்ளி சந்தையில கன்னுக்குட்டி காணாமப்போயி நீ பொழுதுக்கும் ஓடின. நான் இருந்த எடத்துலயே உக்காந்திருந்தேன், அதுவா திரும்பி வந்துச்சு. அப்ப சொன்னது."

"ஆமா. அப்ப சொன்னதுதான்."

"சேலத்து வக்கீலு சொன்னதுன்னு இல்ல எங்கிட்ட சொன்ன!" என்றாள் எதிரே கடையிலிருந்து வெள்ளையம்மா.

"ரெண்டு வருசமா சேலத்து வக்கீலு சொன்னாருன்னு வெள்ளையம்மாகிட்ட சொல்லிக்கினு திரிஞ்சியா?" என்றாள் நஞ்சம்மா.

கடை வாசலில் நின்றிருந்த வெள்ளையம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அதானே பாத்தேன்! காருல போறவன் எதுக்கு உக்காருன்னு சொல்றான்? அவன்தான் உக்காந்துகினே போறானே!"

"பொண்டாட்டி சொன்னதைப் போயி மரத்துல எழுதினான்னு சிரிப்பாங்கன்னு…" என்று இழுத்தார் திம்மப்பன்.

"கொத்தை எடு. பொழுது சாயுது."

இருட்டுவதற்குள் நாற்பத்தைந்து மரங்களையும் சுரண்டி முடித்துவிட்டார்கள். பட்டையின் மேல்பாதி போய்விட்டது. நம்பருக்குக் கீழே இருந்த வரிகள் மட்டும் மிச்சம்.

மறுநாள் ஏலம் குறையில்லாமல் நடந்தது. ஓவர்சியர் பட்டியலும் கையுமாக ஒவ்வொரு மரமாகப் பார்த்துவந்தார். ஒரு நம்பர்கூட மாறவில்லை. நூற்றுப் பதினேழைக் கேட்டபடியே சரோஜம்மாள் எடுத்தாள். எடுத்ததும் அவள் செய்த முதல் காரியம் மரத்தைப் படித்ததுதான். நம்பருக்குக் கீழே 'உட்கார்' என்று மட்டும் இருந்தது.

"என்னய்யா இது, மரம் என்னை அதட்டுது? மேல என்ன இருந்துச்சு?"

திம்மப்பன் சொன்னார்.

"நல்ல வார்த்தை. என் மரத்துல அது இருக்கட்டும். காய் பறிக்க வர்ற ஆளுங்க மேல ஏறி முழிச்சிக்கிட்டு நிக்கறானுங்க, அவனுங்களுக்கு ஆகும். ஓவர்சியர் சார், என்ன சொல்றீங்க?"

ஓவர்சியர் அரை நொடி மரத்தையும் திம்மப்பனையும் பார்த்தார். "நம்பருக்கு ஒரு சாண் கீழ எழுதிக்க. நம்பர் மேல ஒரு சொட்டுச் சுண்ணாம்பு பட்டாலும் நான் சும்மா விடமாட்டேன்" என்றார். சைக்கிளில் ஏறியவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார். "யாரு சொன்னதுய்யா அது?"

"எங்க வூட்டுக்காரிங்க" என்றார் திம்மப்பன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அன்று மத்தியானமே தார்ச் சட்டியைச் சுட வைத்துக்கொண்டு வந்தார். நம்பரை அளந்து, ஒரு சாண் விட்டு, அந்த மூன்று வார்த்தையைத் திரும்ப எழுதினார். அதற்குக் கீழே, இதுவரை எந்த மரத்திலும் செய்யாத ஒன்றாக, சொன்னவர் பெயரையும் போட்டார். நஞ்சம்மா ஜல்லிக் கூடையை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள்.

"இதுல நான் எது?"

காட்டினார். பெயரின் நடுவில் 'ஞ்' கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் குனிந்து விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். தார் காயவில்லை, விரலெல்லாம் கறுப்பு. அதை அவர் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "கோணலா இருக்குது, அடுத்த வருசம் நேரா எழுது" என்று சொல்லிக்கொண்டே ஜல்லிக் குவியலுக்குப் போனாள்.