போயா நாளில் நின்றுபோன லொறி

தேயிலைத் தோட்டக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்றால் சுகமாக உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அது இயந்திரம் செய்ததற்கெல்லாம் மனிதர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. கட்டாரில் பல வருடம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டுவிட்டு, இப்போது ஊர் திரும்பி ஹட்டனில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். "சிஸ்டம் வேலை செய்யல, பொறகு வாங்க" என்ற பதிலைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவனும் உங்களோடு சேர்ந்தவன்தான்.

பெட்டி வந்தது

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டமொன்றின் கொழுந்து லொறிக்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பூட்டினார்கள். லொறி எங்கே நிற்கிறது என்று அது கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லும். அதோடு விடாது. அனுமதித்த பாதையை விட்டு விலகிப் போய் எஞ்சினை நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் எடுக்க விடாது. கொழுந்தும் டீசலும் களவு போகாமலிருக்க இந்த ஏற்பாடு. பூட்ட வந்தவர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்திருக்க, நானும் பக்கத்தில் குந்தி, எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம்.

பெட்டியின் சிஸ்டத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் கொழுந்து, உரம், விறகு என்று மூன்றே மூன்று. தோட்டத்து லொறி கல்யாண வீட்டுக் கதிரையையும் ஏற்றும், ஆம்புலன்ஸ் வராத நாளில் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றும் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கிறதுல ஒண்ணப் போட்டுக்கங்க" என்றார் வந்தவர். டிரைவர் சவரிமுத்து அண்ணன் பெட்டியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இத என் பொண்டாட்டி கண்ணுல மட்டும் காட்டிறாதீங்க சார், வீட்டுக்கு ஒண்ணு கேப்பா."

நீர்த்தேக்கத்துக்குள் லொறி

சில வாரம் கழித்துக் கொழும்பில் இருந்து போக்குவரத்து அதிகாரி பதறிப்போய் அழைத்தார். திரையில் லொறி நீர்த்தேக்கத்தின் நடுவில் நிற்கிறதாம். மலைகளுக்கு இடையில் பெட்டிக்குத் திசை தப்பிவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உடனே சவரிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "நான் தண்ணிக்குள்ள இருந்தா போன எப்பிடி சார் எடுக்கிறது? நோர்வூட்டுல வடை தின்னுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

ஆனால் வடை தின்று முடித்தபின் லொறி அசையவில்லை. தண்ணீரில் நிற்பதாக நம்பிய பெட்டி எஞ்சினைப் பூட்டிவிட்டது. கொழும்பில் இருந்து திறந்துவிடுவதற்குள் சாக்கில் இருந்த கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாய்ப் போனது. பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்ட் மலையில் இருக்கும் ஒருவருக்கும் வேண்டும் என்று அன்றே கேட்டேன். அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் மறுத்தார். "ஒரு ஆளிடம் சாவி கொடுத்தால், அந்த ஆளைக் கவனிக்க இன்னோர் ஆள் வேண்டும். விடுங்கள், அது தானாகவே பார்த்துக்கொள்ளும்."

மஞ்சள் வயர்

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. கொழுந்து எடுப்பு இல்லை. ஆகவே பெட்டியின் கணக்குப்படி லொறி எங்குமே போகக் கூடாது. முற்பகலில் சவரிமுத்து அண்ணனின் அழைப்பு. ஆம்புலன்ஸ் பழுது, கொழுந்து எடுக்கும் ஜெயந்திக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது, லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் மழைக்கு ஒரு மரம் சரிந்து கிடக்கிறது. பக்கத்து லயக் குடியிருப்பு ஆட்கள் வெட்டி அகற்றும் வரை எஞ்சினை நிறுத்தியிருக்கிறார். மரம் போய்விட்டது. லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. நிற்பது ஏற்றத்தில், பின்னால் பள்ளம். உருட்டி எடுக்கவும் வழியில்லை.

போனைத் தோட்டத்து மிட்வைஃப் ராணி மிஸ் வாங்கினார். "புள்ளைக்குக் காலு முன்னால வருது சார். இங்க வச்சுப் பாக்க ஏலாது."

லெப்டொப்பைத் திறந்தேன். லொறி நிற்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தது, திறக்கும் பொத்தானும் தெரிந்தது, அமுக்கத்தான் எனக்கு உரிமையில்லை. பெட்டி விற்ற கம்பெனியில் பதிவுசெய்த குரல் என் அழைப்பு மிக முக்கியமானது என்றது. அதிகாரியின் போன் அணைந்திருந்தது. விகாரையில் சில் எடுத்து விரதமிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் ஜெயந்தி அலறுவது கேட்டது.

வயரை வெட்டுவது என்று முடிவு செய்தேன். சரியானதை வெட்டினால் லொறி போகும். தவறானதை வெட்டினால் லொறி அங்கேயே கிடக்கும், அதற்குள் கிடப்பவளும்தான். வெட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ராணி மிஸ்ஸின் பையில் கத்தரிக்கோல் இருந்தது. "இது தொப்புள் கொடி வெட்ட. வயருக்கெல்லாம் தரமாட்டேன்!" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. மரம் வெட்டியவர்களில் ஒருவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை நீட்டினார்.

"மஞ்சள் வயரப் பாருங்கண்ணே."

"எல்லாத்தையும் ஒரே டேப்புல சுத்தி வச்சிருக்கான் சார்... பிரிச்சிட்டேன். ரெண்டு மஞ்சள் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு, அன்று குந்தியிருந்து பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவந்தேன். "பெட்டியில இருந்து சின்னச் சதுரக் கட்டைக்கு ஒல்லியா ஒண்ணு போகும். தடிச்சதத் தொடாதீங்க."

"ஒல்லிதானே? நிச்சயமா சார்?"

நிச்சயமில்லை. "ஒல்லி" என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு எஞ்சின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. லயத்து ஆட்கள் கூவினார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ராணி மிஸ் விடவில்லை. "போன வைங்க சார், இனி என் வேல."

விளக்கம் கேட்டார்கள்

மறுநாள் காலை சிஸ்டம் சவரிமுத்து அண்ணனைத் தானாகவே வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. காரணம், பெட்டியைச் சேதப்படுத்தியது. ஏற்றிப் போன சுமை என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அதிகாரியை அழைத்து நடந்ததையெல்லாம் சொல்லி, வெட்டச் சொன்னது நான், நிறுத்துவதானால் என்னை நிறுத்துங்கள் என்றேன். பிறகு, "குழந்தை?" என்றார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதுமே தியேட்டருக்குள் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பெண் பிள்ளை, தாயும் சேயும் சுகம் என்றேன்.

அன்று மாலையே சவரிமுத்து அண்ணனுக்கு வேலை திரும்பியது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, கூடவே அந்தப் பாஸ்வேர்டும் வந்தது. நோக்கங்களின் பட்டியலில் 'நோயாளி' என்று நானே சேர்த்தேன். புதுப் பெட்டி பூட்ட ஆள் வந்தபோது சவரிமுத்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இந்தத் தடவ டேப்பு சுத்த வேணாம்னு மட்டும் சொல்லிருங்க."

இந்தப் பெட்டி தூங்கவே தூங்காது என்று விற்றவர்கள் சொன்னது முழு உண்மை. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து நானும் சரியாகத் தூங்குவதில்லை.