நெடுந்தீவுக்குப் போன மான்தோல் சட்டை

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினேன். மடியில் பருத்தித் துணியில் சுற்றிய பொதி. கனடாவின் வடகோடியில் நான் தாதியாக இருக்கும் ஊரில், என்னோடு வேலை செய்யும் இனூயிட் பெண் ஒருத்தி என் மூன்று வயது மகள் நிலாவுக்கென்று தைத்துத் தந்த துருவமான்தோல் உடுப்பு அது. ஈரமும் வெக்கையும் பட்டால் மயிர் உதிரும் என்று எச்சரித்திருந்தாள். மண்டைதீவு வருமுன்னரே என் உள்ளங்கைகள் வியர்த்தன. பொதியில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நிலாவை ஒரு வயதில் நெடுந்தீவில் அக்காவிடம் விட்டுப் போனவள் நான். இப்போது கூட்டிப்போக வந்திருக்கிறேன். "அந்தக் குளிருக்குப் பிள்ளையைத் தரமாட்டன்" என்று அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

குறிகட்டுவான் துறையிலிருந்து எட்டு மணிக்கு நெடுந்தீவுப் படகு. ஒரு மணி நேரக் கடல். பாதி வழியில் அலை தெறித்தது. பொதியை நெஞ்சோடு அணைத்துக் குனிந்தேன்.

"பிள்ளையோ?" என்றார் படகோட்டி.

"இல்லை அண்ணை, பிள்ளையின்ரை சட்டை."

"அப்ப உள்ளுக்கை இறங்கி இரும். இஞ்சை நனையும்."

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கி, அக்கா வீட்டுக்கு ஓட்டோவுக்கு ஐந்நூறு ரூபா. வாசலில் நிலா அக்காவின் பின்னால் ஒளிந்தாள். முற்றத்திலேயே பொதியை அவிழ்த்தேன். உடலும் கையும் காலும் ஒரே உடுப்பாய்த் தைத்தது. தலையை மூடும் பகுதியில் மான்குட்டியின் காதுகள் அப்படியே நின்றன. எங்கள் சைவ வீட்டுக்குள் அக்கா தோலை விடுவாரோ என்று பயந்தேன்.

"மான்தோல்தானே. பூசைக்கு விரிச்சு இருக்கிறதுதானே" என்றார் அக்கா. மயிர் உட்பக்கமாயிருந்த கைப்பகுதிக்குள் தன் கையை விட்டார். தையலை விரல்விரலாகத் தடவினார். சற்றைக்கெல்லாம் நெற்றி வியர்த்துவிட்டது.

"காத்துப் போக ஊசித் துவாரம்கூட இல்லை. இவளைக் காணாமலே தைச்சவளோ?"

"ஓம். நீங்கள் அனுப்பின படங்களைப் பாத்துத்தான் அளவு வச்சவ. வளருவாள் எண்டு கொஞ்சம் பெரிசாய்."

அக்கா கையை மெல்ல வெளியே எடுத்தார். இதற்குள் நிலா பூவரசங்குழை ஒன்றை முறித்து வந்து அந்தக் காதுகளுக்கு முன்னால் நீட்டினாள்.

"தின்னுதில்லை" என்றாள். நான் வந்தபின் என்னிடம் பேசிய முதல் சொல்.

"நீ உள்ளுக்கை போனாத்தான் அது நடக்கும்" என்றேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். "போட்டுப் பார், பிள்ளை" என்றபடி அக்கா குசினிக்குள் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலை, மான்தோல் உடுப்பை மேலே வைத்து, நிலாவின் உடுப்புகளை அக்காவே அடுக்கித் தந்தார். இறங்குதுறைவரை தூக்கி வந்து பிள்ளையை என் கையில் தந்தார். படகு விலகியது.

"பெரியம்மா ஏன் ஏறேல்லை?"

"அடுத்த படகிலை வருவா" என்று சொல்லிவிட்டேன்.

குறிகட்டுவான் வரும்வரை நிலா என் மடியில் திரும்பி உட்கார்ந்து, பின்னால் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.