மாயாண்டியின் போனில் அழிந்த பக்கம்

மாயாண்டியைப் போல ஒரு மனுசனை நான் கண்டதில்லை, இனிக் காணவும் வேண்டாம். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை. வேலை முடிந்தால் போனைத் தூக்கிக்கொள்வான். குறிப்பு எழுதுகிற ஆப் ஒன்றில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தையே ஏற்றிவைத்திருந்தான். ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்கும் ஒரு பக்கம். யார் எப்போது குடிவந்தார்கள், யாருக்கு என்ன வியாதி, எந்தப் பீலியில் எந்த மாதம் தண்ணீர் வற்றும், எல்லாம் இருக்கும். ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வருகிற பக்கமெல்லாம் வந்து நிற்கும். ஊரார் வீட்டுச் சங்கதி இவனுக்கு எதற்கு?

மூன்று வருசத்துக்கு முன் என் மகள் லோஜினிக்குச் சம்பந்தம் பேசினோம். அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததையும் இவன் எழுதிவைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால் அவனைப் பிடித்தேன்.

"எங்க வீட்டுப் பக்கத்த இப்பவே அழி. இல்லாட்டி போன் ஒடையும்."

அங்கேயே அழித்தான். அழிந்து முடிகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

இந்த வருசம் லயத்துச் சுவர் வெடித்து, அரசாங்கத்தில் புது வீடு தருவதாக வந்தார்கள். எங்கள் நாலாம் காம்பரா செத்துப்போன கொழுந்தன் இராமையா பெயரிலேயே இருந்தது. இங்கே யார் பெயர் மாற்றினார்கள்? என் அடையாள அட்டையில் இன்னும் வலப்பனைப் பக்கத்துப் பழைய தோட்டத்து விலாசம்.

"வீடு கெடைக்கணும்னா, ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுக்கு முன்னுக்கே நீங்க இங்க இருந்ததுக்கு எழுத்துல ஏதும் இருக்கா?" என்றார் கிராம சேவகர்.

வெட்கத்தை விட்டு மாயாண்டியிடம் போனேன்.

"நீங்க அழிக்கச் சொன்னீங்க, அழிச்சேன்" என்றான், முகத்தைக்கூடப் பார்க்காமல். பிறகு என் பெயரைத் தட்டினான். "அஞ்சாம் காம்பரா பக்கத்துல உங்களப் பத்தி ஒண்ணு கெடக்கு. கிராம சேவகர்கிட்டயே வந்து வாசிக்கிறேன்."

மறுநாள் கிராம சேவகர் முன்னால் வாசித்தான். அஞ்சாம் காம்பரா ஜீவராணியும் பக்கத்தில் இருந்தாள்.

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு, ஆவணி. ஜீவராணியின் மேராக்காய்க் கொடியை நாலாம் காம்பரா நாகலெட்சுமி வேரோடு அறுத்ததைக் கண்டேன். செல்லசாமியின் ஆடு தின்றதாக ஜீவராணி சொல்கிறாள்."

பாவி, இதையுமா எழுதிவைத்தான்! அந்த ஆட்டுக்காக ஜீவராணி இன்றுவரை செல்லசாமி குடும்பத்தோடு பேசுவதில்லை.

"இது நீங்கதானா?" என்றார் கிராம சேவகர்.

இல்லை என்றால் வீடு இல்லை.

"ஆமாங்க. நாந்தான் அறுத்தேன்."

"அப்ப அந்த அம்மாவும் சாட்சிக் கையெழுத்து வைக்கணும்."

ஜீவராணி முன்னால் வந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.

"வீடு கெடைக்கட்டும் சேர். எங்க வீட்டுக்குப் பக்கத்துல மட்டும் வேணாம்னு அதுலயே எழுதிருங்க."

மாயாண்டி போனை எடுத்தான். என் பெயரில் புதிதாக ஒரு பக்கம் திறந்து, அவள் சொன்னதை எழுதினான். அழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.