உள்ளேயிருந்து ஒட்டிய கூரை

கல்யாணமாகி, பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்கு வந்த முதல் நாள் மத்தியானம், கொஞ்ச நேரம் படுத்து எழுந்திரு என்று என்னை உள்ளறைக்கு அனுப்பினார்கள். பாயில் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்கப் பளபளவென்று நீலம். மீஞ்சூரில் வாடகை வீட்டில் வளர்ந்த எனக்குக் கூரை என்றால் வெள்ளைச் சுண்ணாம்பு, நடுவில் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். இதுவோ கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் படுத்திருப்பதுபோல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது படகுச் சமாசாரமேதான். என் மாமனார் தன்னுடைய மீன்பிடிக்கிற பைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிற அதே ரெசின் பசையையும் பைபர் இழை விரிப்பையும் வைத்துக் கூரையை உள்பக்கமாக ஒட்டி, போட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டையே அதற்கும் அடித்திருந்தார்.

மாமாவுக்குக் கொத்தனார் என்றாலே ஆகாது. அந்த வீட்டையே தன் கையால் கட்டியவர். இறால் நன்றாக விழுந்த ஒரு வருஷத்தில் கம்பி வாங்கினார், சிமெண்ட் வாங்கினார், மணலை மட்டும் வாங்கவில்லை. வாசலிலேயே கடற்கரை கிடக்கும்போது மணலுக்கு எவனாவது காசு கொடுப்பானா என்று அள்ளிப் போட்டுக் கலந்துவிட்டார். உப்பு மணல் கம்பியைத் தின்னும் என்று அவருக்கு யார் சொல்வது? சொன்னாலும் கேட்கிற ஆளா! அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது உடைந்தாலும் மாமாதான் மருத்துவர். குளியலறைக் கதவின் அடிப்பகுதி உளுத்துப்போனதும் பைபர் ஒட்டினார். கதவு பத்திரமாக இருந்தது, ஆனால் கனம் கூடிச் சாத்தவே முடியவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிய எல்லோரும் பாடிக்கொண்டே குளித்தோம். ஒழுகிய குழாயைச் சைக்கிள் டியூபால் கட்டினார். சுவரிலிருந்து கழன்ற சுவிட்சுப் பெட்டியை வலைக்கயிற்றால் இறுக்கினார். ஈரக்கையோடு அதைத் தொடாதே என்று எனக்குப் புத்திமதி வேறு.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கூரையைத்தான் என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. மழை ஒழுகுகிறது என்றால் யாரும் மேலே ஏறி மொட்டைமாடியில்தான் பூசுவார்கள். மாமாவுக்கு அது தோன்றவே இல்லை. மாடியில் கருவாடு காயும், ரெசின் வாடை ஏறிவிடும் என்று ஒரு காரணம் சொன்னார். உண்மையான காரணம் வேறு. ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்த மனிதர். நடுக்கடலில் போட்டு ஓட்டையானால் உள்ளே உட்கார்ந்துதானே அடைக்க முடியும்? வெளியே இறங்கி அடைக்கவா முடியும்? கை அதற்கே பழகிவிட்டது. உள்ளேயிருந்து ஒட்டினார். ஒழுகல் நின்றது. ஊரே வந்து அண்ணாந்து பார்த்துச் சோக்கா கீதுன்னு சொல்லிவிட்டுப் போனது.

என் மகள் பிறந்து தவழத் தொடங்கிய ஐப்பசியில்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. வெளியே மழை கொட்டுகிறது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? துடைப்பக் கட்டையை எடுத்து மெல்லத் தட்டினேன். டொக் என்று கேட்கவில்லை. தளும்பியது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினேன். அங்கேயும் தளும்பியது. படகுக்குத் தண்ணீர் வெளியே நிற்கிறது, அதை உள்ளே விடாமல் தடுக்கிறது பைபர். எங்கள் கூரையிலோ இறங்கி வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கம்பியோடும் காரையோடும் உள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் நான் மல்லாந்து படுத்ததில்லை. பிள்ளையை அணைத்துக் குப்புறக் கவிழ்ந்தபடிதான் தூங்குவேன். விழுந்தால் என் முதுகில் விழட்டும் என்ற கணக்கு. முதுகு எவ்வளவு தாங்கும் என்று யோசிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

மாமாவிடம் சொன்னேன். “போட்டையே தாங்கறது ஊட்டைத் தாங்காதாம்மா? கம்முனு இரு, ஒண்ணும் ஆவாது” என்றார். கணவரிடம் சொன்னேன். அவர் வேலைக்குப் போவது மீஞ்சூரில். விடியலில் பழவேற்காட்டில் பஸ் பிடித்தால் இருட்டித்தான் வருவார். “நைனா மனசு ஒடஞ்சிடும், வுடு. நாமதான் இத வித்துட்டு மீஞ்சூருக்கே போகப் போறோமே” என்றார். போகப் போகிறோம், சரி. வாங்குகிறவர்கள் எங்கே போவார்கள்?

எங்கள் குப்பத்தில் வீட்டை வெளியாளுக்கு விற்கும் வழக்கமில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஊருக்குள்ளேயேதான் கைமாற வேண்டும். அதனால் வாங்க வந்தது எதிர்த்தெரு இளம் ஜோடி. அந்தப் பெண் என்னை அக்கா என்பாள், மாமாவைப் பெரிப்பா என்பாள். குழாயடியில் தினமும் என்னோடு நிற்கிறவள். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டின் ஓலைக்கொட்டகையில் கிடந்தவளுக்குச் சிமெண்டு வீடு என்றால் கண்ணெல்லாம் ஒளி. “நீலக்கூரை அப்படியே இருக்கட்டும்க்கா, எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு” என்றாள்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குச் சோறு போடும்போதே கேட்டுவிட்டேன். “மாமா, அந்தப் பச்சப் புள்ளய இதுக்கடியில படுக்க வெப்பாங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?” மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “என் கையால செஞ்சதுல நம்பிக்க இல்லாதவ என் ஊட்டுச் சோத்த இன்னாத்துக்குத் துன்ற?” என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அப்படிப் பேசியதில்லை. சுருக்கென்றது. ஆனாலும் சொல்லாமல் இருந்திருந்தால் அதைவிடச் சுருக்கென்றிருக்கும். அடுத்து வந்த நாட்களில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை.

பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்தப் பெண், அவள் புருஷன், ஊர்ப் பெரியவர் ஒருவர். காபி போட நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தப் பெண்ணின் கைக்குழந்தை சிணுங்கியது. திரும்பி வந்தால், உள்ளறைக் கூரைக் கொக்கியில் புடவையை மாட்டித் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டாள். நம் வீடாகப் போகிறது என்ற உரிமை! அந்தக் கொக்கியைச் சுற்றி மாமா இரண்டு தடவை பைபர் ஒட்டியிருந்தார். எத்தனை தடவை ஒட்டினாலும் அது மாட்டியிருப்பது மேலே உள்ள கம்பியில். அந்தக் கம்பி எந்த நிலைமையில் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு வாய் திறக்கப் போனேன்.

அதற்குள் மாமா எழுந்து வந்துவிட்டார். தூளிக்குக் கீழே குனிந்து நின்று இரண்டு கைகளையும் விரித்து அடியில் கொடுத்தார். “பெரிப்பாவே ஆட்றாரு பாரேன்” என்று அந்தப் பெண் சிரித்தாள். அவர் ஆட்டவில்லை. தாங்கிக்கொண்டு நின்றார். கொக்கியில் பாரமே விழாதபடி, குழந்தையின் மொத்த எடையையும் கைகளில் வாங்கிக்கொண்டு நின்றார். பெரியவர் பேசிக்கொண்டே போகிறார். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறித் தூளியை ஏந்தின. நெற்றியில் வேர்வை. அப்போது அவர் கண்ணைப் பார்த்தேன். என் பயம் அத்தனையும் அந்தக் கண்ணில் இருந்தது. புதிதாக வந்த பயமாக எனக்குத் தெரியவில்லை.

“கொழந்தையத் தூக்கும்மா” என்றார். அவள் விளங்காமல் பார்த்தாள். “தூக்குன்னு சொல்றேன்ல! தூக்கினு எல்லாரும் வெளிய போங்க. இந்த ஊடு உங்களுக்கு வாணாம்.”

குழந்தையோடு அவள் வாசலுக்குப் போன பிறகு மாமா கடப்பாரையை எடுத்தார். நாங்கள் தடுக்கத் தடுக்க, நிலைப்படியில் நின்றபடியே எட்டி நீலக்கூரையில் ஒரு குத்து விட்டார். துருவேறிய பழுப்புத் தண்ணீர் சோவென்று கொட்டியது. தண்ணீர் நின்றதும், பைபர் தகடு கொக்கியோடும் தூளியோடும் அப்படியே கழன்று விழுந்தது. அதன் பின்னாலேயே ஆள் நீளத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. வாசலில் அந்தப் பெண் குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டு அலறினாள். என் கணவர் ஓடிப்போய் எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டார். “போட்டுல தண்ணி வந்தா கண்ணுக்குத் தெரியும், மொண்டு ஊத்துவேன்” என்று மாமா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். “இது எங்க நிக்குதுன்னே தெரியலயே.”

வீடு விலைபோகவில்லை. இடிக்கச் சொல்லி மாமாவே ஆள் வைத்தார், வாழ்க்கையில் முதல்முறையாக. வெறும் மனையை அதே ஜோடி வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் மீஞ்சூருக்கு வந்துவிட்டோம், மாமாவும் எங்களோடுதான். இங்கே குழாய் சொட்டினால்கூட, “ஆள் கூப்புடும்மா” என்பார்.

போன தை மாதம் அந்த மனையில் அவர்கள் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். எல்லோரும் உள்ளே போய்விட்டோம். மாமா மட்டும் வாசலிலேயே நின்றார். அந்தப் பெண் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். “இன்னா பெரிப்பா, பயமா? நல்ல மேஸ்திரி வெச்சு ஆத்து மணல்ல கட்டினது.”

“அடுத்தவன் கட்டினதுல எனக்கு இன்னாம்மா பயம்?” என்றார் மாமா. “நான் கட்டினதுலதான்.”

சொல்லிவிட்டு, அவள் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் உச்சந்தலையைத் தன் உள்ளங்கையால் மூடினார். அப்புறம்தான் வாசற்படி ஏறினார். பால் பொங்கி, எல்லோரும் சாப்பிட்டு எழும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.